இரண்டு பாஸ்புக்

புஷ்பலீலா வந்தபோது கரண்ட் இல்லை.
களியக்காவிளைச் சந்தையின் மீன்வாடையும்
சோதனைச்சாவடியில் முக்கி நிற்கும் லாரிகளின் புகையும்
எனக்கு முன்பே வந்து
நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன.

மேசையில் வைத்தாள்:
குழித்துறைத் தபாலாபீஸ் பாஸ்புக்,
பாறசாலை வங்கியின் பாஸ்புக்,
இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்டில் ஒரு கடிதம்.

வீடு இந்தப் பக்கம்.
மருந்துக்கடை இஞ்சிவிளையில், அந்தப் பக்கம்.
ஒரு மாநிலத்தில் பல் தேய்த்து
இன்னொன்றில் ஷட்டர் தூக்குகிறவள்
இங்கொரு சேமநிதி அங்கொரு சேமநிதி என்று
போட்டுவந்ததில் என்ன அதிசயம்?
ஆனால் பான் எண்ணுக்கு
எல்லைக்கல் கிடையாது.

ஆளுக்கு ஒரே கணக்கு.
வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்.
இங்கே ஒரு லட்சம், அங்கே தொண்ணூறாயிரம்,
மிஞ்சிய நாற்பதாயிரத்தை
நான்கு வருஷத்துக்கும் கூட்டி,
வரவு வைத்திருந்த வட்டியை உரித்துக்கொண்டு
அனுப்பிவிட்டார்கள்,
வீட்டுக்குள் விடாத விருந்தாளியிடம்
அவன் கொண்டுவந்த பழப்பையையே
வாசலில் நீட்டுவதுபோல.

“வரி உண்டுமா சாரே?”

இல்லை.
வந்ததெல்லாம் வருமானம் ஆகாது.
இது போய்த் திரும்பிய முதல்.
சொல்லும்போது என் குரலில் இருந்த தெளிவு
எனக்கே பிடிக்கவில்லை.

ஏனென்றால் நான்கு வருஷமும்
படிவம் போட்டவன் நான்.
ஜூலை பிறந்தால் வாட்ஸப்பில் ஒற்றை எண் அனுப்புவாள்,
வட்டி மொத்தம் இவ்வளவு என்று.
வரிவிலக்குக் கட்டத்தில் அதைத் தட்டிவிட்டு
அடுத்த கோப்பை எடுப்பேன்.
எத்தனை பாஸ்புக் என்று கேட்டதில்லை.
கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

இந்த வருஷக் கணக்கைத் திருத்தலாம்,
டிசம்பர் முடியவில்லை.
முந்தின மூன்றுக்கும் கதவு அடைத்தாயிற்று.
வரி மாறாததால் யாரும் வந்து தட்டப்போவதும் இல்லை.
வங்கியில் செத்துப்போன அந்த வட்டி
எங்கள் பழைய படிவங்களில் மட்டும்
சுகமாக இருக்கிறது,
என் டிஜிட்டல் கையெழுத்துக்குமேல்.

“அந்த வட்டிய நஷ்டம்னு காட்ட ஒக்குமா?”

ஒக்காது என்று தெரிந்தும்
செல்போன் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகத் தேடினேன்.
பந்தயக்குதிரை வளர்த்து நொடித்தவனுக்கு
ஒரு கட்டம் இருக்கிறது.
கூடுதலாகச் சேமித்தவளுக்கு
இல்லை.

எதற்கு இவ்வளவு போட்டீர்கள் என்றேன்.
வரிச்சலுகைகூட ஒன்றரைக்குமேல் கிடையாதே.

அவள் பாஸ்புக்கின் முனையை நீவிக்கொண்டிருந்தாள்.

“கடையில தினமும் பாக்கேன் சாரே.
பிரஷர் மாத்திரைய அட்டையா வாங்கமாட்டாவ.
நாலு வெட்டித் தா, ரெண்டு வெட்டித் தாம்பாவ.
கத்திரிக்கோலால நான்தான் வெட்டிக் குடுக்கேன்.
அறுபது வயசுல
எனக்கு அட்டையா வாங்கணும்.
அவ்வளவுதான்.”

கரண்ட் வந்தது.
காற்றாடி மேசைக் காகிதங்களைக் கிளப்பியது,
இருவரும் ஆளுக்கொரு கையால் அமுக்கினோம்.

திருத்திய படிவத்தில் வட்டியைக் குறைத்தேன்.
ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.
கடிதத்தின் நகலை மட்டும் எடுத்துவைத்தேன்,
நாளை ஒருவன் கணினியில் இருந்துகொண்டு
இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்
அவளிடமிருந்துதான் என்று சொல்ல.

பிறகு கேட்டேன்:
வேறு கணக்கு ஏதாவது உண்டா?

“இப்பமாவது கேட்டியளே” என்றாள்.
இல்லை என்றும் சொல்லவில்லை.

எழும்பும்போது எப்போதும்போல் ஐந்நூறு வைத்தாள்.
நான் முந்நூறைத் திருப்பி நீட்டினேன்.
அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்:

“வேண்டாம் சாரே.
திருப்பித் தாற பைசாவக் கண்டாலே
எனக்கு இப்பம் பேடி.”